செஞ்சிக் கோட்டையும் ஒரு மடக்குத் தண்ணீரும்



போன மாதம் நம் பள்ளி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போனார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள எங்கள் வகுப்பிலிருந்து நாலு பேரை டீச்சர் கூட்டிப் போனார்கள். அதில் நானும் ஒருத்தி.

வேனில் ஏறியதிலிருந்து ஒரே தேசிங்கு ராஜா பேச்சுதான். கூத்தில் பார்த்திருக்கிறார்கள் அல்லவா! கோட்டையைக் கட்டியதே அவர்தான் என்று நினைத்தார்கள். (நானும் அப்படித்தான் நினைத்தேன், வெளியே சொல்லவில்லை.) தேசிங்கு கொஞ்ச காலம்தான் ஆண்டார், 1714-இல் ஆற்காட்டு நவாபோடு நடந்த சண்டையில் இறந்துபோனார். கோட்டையோ அதற்குப் பல நூறு வருடம் முந்தியது. நாயக்கர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். 1677-இல் சிவாஜி பிடித்தார்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் மதில் சேர்க்கிறது. ராஜகிரிதான் உயரம், ஏறக்குறைய 800 அடி. நாங்கள் அதில் ஏறினோம்.

என் பொறுப்பில் ஐந்து பேர். பாதி மலையில் ஒரு சின்னப் பெண் படியில் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்துபோச்சு. "அக்கா, தண்ணி" என்றாள். அவள் பாட்டிலைக் கீழேயே குரங்கு பிடுங்கிவிட்டது. என் பாட்டிலில் ஒரு மடக்குதான் இருந்தது. காலையில் இட்லி சாப்பிட்டு அந்தத் தண்ணீரில்தான் கை கழுவினேன்! பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருந்ததைக் கொடுத்து, நிழலில் உட்காரவைத்து, டீச்சரைக் கத்திக் கூப்பிட்டேன். டீச்சர் தண்ணீரோடு வந்தபிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

அங்கேயே டீச்சர் ஒரு பாடம் நடத்தினார்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகை போட்டது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம் இருந்தார். "அத்தனை வருஷம் அவங்க எதைக் குடிச்சாங்க டீச்சர்?" என்று கேட்டாள் அந்தப் பெண். நல்ல கேள்விதானே! மலைமேலேயே சுனை உண்டாம். கோட்டைக்குள் குளங்களும் வெட்டியிருக்கிறார்கள். இடையிடையே வெளியிலிருந்து சாமானும் வந்ததாம். கடைசியில் ராஜாராம் தப்பிவிட்டார், கோட்டை போய்விட்டது.

மற்றவர்கள் உச்சிக்குப் போனார்கள். வழியில் 24 அடி அகலப் பள்ளம் ஒன்று இருக்கிறதாம். பகைவர் வந்தால் அதன் மேலிருக்கும் மரப்பாலத்தை எடுத்துவிடுவார்களாம். நானும் அவளும் மெதுவாகக் கீழே இறங்கினோம். யானைக்குளம் பார்த்தோம். கல்யாண மகாலுக்கு மண்குழாய் வழியாக மாடிவரை தண்ணீர் போயிருக்கிறது! நெற்களஞ்சியத்துக்குள் அவள் "ஓ" என்று கத்தினாள், நாலு பக்கமும் எதிரொலி கேட்டது. அப்போதுதான் சிரித்தாள்.

2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

உச்சியை நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்து போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு பாட்டில் கொண்டு போங்கள். கையில் பிடிக்காமல் பைக்குள் வையுங்கள், குரங்கு பார்த்துக்கொண்டே இருக்கும்.