ஸ்கேன் படத்தில் எதிர்பாராது தெரியும் இரைப்பைத் தடிப்பு

சிறுநீரகக் கல் இருக்குமோ என்று ஐயுற்று ஒருவருக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். கல்லைப் பற்றிய விவரம் கிடைத்துவிடுகிறது. ஆனால், "இரைப்பையின் சுவர் தடித்துள்ளது" என்று எவரும் எதிர்பாராத ஒரு வரியும் அறிக்கையில் காணப்படுகிறது. கம்போங் குவாந்தான் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கிள்ளான் பெரிய மருத்துவமனைக்குச் சென்று திரும்புவோருக்கும் இது நேரலாம். இவ்வரியைக் கண்டதும் புற்றுநோய் என்றே முடிவு கட்டிக் கலங்குவோர் உண்டு. "வலிதான் இல்லையே" என்று அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோரும் உண்டு. இவர்களைக் குறித்தே நமக்குக் கவலை அதிகம்.

1971ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட இக்கருவி, உடலைக் கீறாமலே குறுக்குவெட்டாகக் காட்டுகிறது. எனினும் இரைப்பையைப் பொறுத்தவரை அதன் சொல் முடிவான சொல்லன்று. ரப்பரின் இயல்பை நம் வாசகர்களுக்கு நாம் கூற வேண்டியதில்லை. காற்றில்லாத பலூனின் தோல் தடித்திருக்கும், ஊதினால் மெலியும். வெறும் வயிறும் அவ்வாறே சுருங்கி மடிந்து கிடப்பதால், நலமான சுவரும் படத்தில் தடித்ததுபோல் தோன்றக்கூடும்.

மெய்யான தடிப்பாயின் காரணங்கள் பல. மூட்டுவலி மாத்திரைகளால் உண்டாகும் புண் ஒன்று. ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமி மற்றொன்று. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இதனை ஆராய்ந்த வாரன், மார்ஷல் ஆகிய இருவரும் 2005இல் நோபெல் பரிசு பெற்றனர். நம் நாட்டில் மலாய்க்காரரைவிட இந்தியரிடத்தும் சீனரிடத்தும் இக்கிருமி மிகுதி என்று மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுகள் கூறுகின்றன. ஏறத்தாழ இரண்டு வாரம் மருந்துண்டால் பெரும்பாலோர்க்கு அது நீங்கும். சிலருக்கு மட்டும் தடிப்பின் காரணம் கட்டியாகவோ புற்றாகவோ இருக்கலாம்.

எது என்பதை எண்டோஸ்கோப்பி சோதனையே தெளிவாக்கும். தொண்டையை மரக்கச் செய்து, மெல்லிய குழாயை வாய்வழியே செலுத்திப் பார்ப்பார்கள். தேவையானால் கிள்ளளவு தசையும் எடுப்பார்கள். பெரும்பாலும் கால்மணி நேர வேலைதான்.

கல்லுக்கு மருத்துவம் செய்பவர் கல்லையே கவனிப்பது இயல்பு. ஆகவே நாமே கேட்க வேண்டும்: "டாக்டர், இரைப்பையைப் பற்றியும் எழுதியிருக்கிறதே, எண்டோஸ்கோப்பி தேவையா?" அறிக்கை ஆங்கிலத்தில் இருப்பின், படித்த பிள்ளைகளைக் கொண்டு முழுவதையும் வாசிக்கச் செய்க. கடையில் வாங்கும் 'கேஸ்ட்ரிக்' மருந்து வலியைத் தணித்து நோயை மறைத்துவிடவும் கூடும்.

காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குவதில் தடை, ஓயாத வாந்தி ஆகியன இருப்பின் அடுத்த தவணைவரை காத்திராமல் மருத்துவரைக் காண்க. மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ அன்றே, அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்க. பழைய அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்க.