மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்: கணவர் செய்ய வேண்டியது என்ன?

அக்டோபர் மாதம் வந்துவிட்டால் அமீரகம் எங்கும் இளஞ்சிவப்பு ரிப்பன்களைப் பார்க்கிறோம். மால்களில் விளக்கு, மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனை, அலுவலகங்களில் கேக். நம் மருத்துவப் பக்கத்திலும் சகோதரிகளுக்கு எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. நாற்பது வயதுக்கு மேல் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மம்மோகிராம் எடுங்கள், கட்டி தென்பட்டால் தள்ளிப் போடாதீர்கள் என்றெல்லாம். இந்த முறை வீட்டு ஆண்களிடம் பேசலாம் என்று நினைக்கிறோம். ஊரில் என்றால் இந்த நோய் வந்த வீட்டில் அம்மா, அக்கா, நாத்தனார், எதிர்வீட்டு மாமி என்று பத்துப் பேர் இருப்பார்கள். இங்கே இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் கணவர் ஒருவர்தான்.

நம் சங்கக் குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பயாப்ஸி ரிப்போர்ட்டை வாங்கிய கணவர் அதை மனைவியிடம் காட்டவில்லை. காரின் டாஷ்போர்டுக்குள் நான்கு நாட்கள் வைத்திருந்தார். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் மருத்துவமனை அதே ரிப்போர்ட்டை அந்த அம்மையாரின் கைப்பேசிக்கும் அனுப்பியிருந்தது. அவர் முதல் நாளே படித்துவிட்டார்! கணவர் தாங்கமாட்டார் என்று அவரும் ஒன்றும் தெரியாதவர்போல் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியே குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத நான்கு நாட்கள் அவை. பிறகு அவர்களே இதை எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்கள் என்றாலும் கேட்டவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவளிடம் சொல்லாதீங்க டாக்டர், தாங்கமாட்டா" என்பது நம் ஆண்கள் வழக்கமாகச் சொல்லும் முதல் வாக்கியம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் உடம்பு அவருடையது, ரிப்போர்ட் அவருடையது, அறுவைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் மார்க் சில்வர் 2004-ஆம் ஆண்டு மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் கணவர்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். தம் மனைவி அலுவலகத்துக்குப் போன் செய்து செய்தியைச் சொன்னபோது, ஏதோ இரண்டு வார்த்தை ஒப்புக்குச் சொல்லிவிட்டு வேலையிலேயே இருந்துவிட்டதை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவர் கணவர்களுக்குச் சொல்லும் முக்கியமான யோசனை, வாயைக் கட்டிக்கொண்டு கேளுங்கள் என்பதே. நமக்கும் அது பொருந்தும். மனைவி "எனக்குப் பயமா இருக்கு" என்றால் உடனே "ஒண்ணும் ஆகாது" என்று பதில் சொல்லி வாயை அடைத்துவிடுகிறோம். "எதை நினைச்சுப் பயமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சாவைப் பற்றியதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். பல சமயம் அது மகளின் பள்ளிச் சீருடையைப் பற்றியதாகவோ, முடி கொட்டிய தலையோடு சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு எப்படி வருவது என்பதாகவோ இருக்கும்.

ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே பார்ப்பதா?

வளைகுடாத் தமிழர் வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான். ஊருக்கு அனுப்பிவிட்டு நாம் இங்கே சம்பாதிக்கலாம் என்று முடிவு செய்பவர்கள் அதிகம். அந்த முடிவு தவறு என்று சொல்ல மாட்டோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஆகிய இடங்களில் சிகிச்சை நன்றாகவே இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் அது மனைவியோடு சேர்ந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு சொல்லும் செய்தியாக இருக்கக் கூடாது. கீமோதெரபி மட்டுமே சில மாதங்கள் ஓடும். அதன் பிறகு அறுவை, கதிர்வீச்சு என்று சேர்த்தால் முக்கால் வருடம்கூட ஆகலாம். அவ்வளவு காலமும் பிள்ளைகளை விட்டு, உங்களை விட்டு இருக்க அவருக்குச் சம்மதமா என்று ஒரு முறையாவது கேட்க வேண்டும்.

இங்கே வழி இல்லை என்று நினைத்துக்கொண்டு அனுப்பிவிடக் கூடாது. 1979-ல் அல் ஐனில் திறக்கப்பட்ட தவாம் மருத்துவமனை நெடுங்காலமாகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. ஒரு காலத்தில் துபாயிலிருந்து கதிர்வீச்சுக்கு அங்கே தினமும் போய்வந்தவர்கள் உண்டு. இப்போது துபாயிலும் அபுதாபியிலுமே அந்த வசதி இருக்கிறது. துபாயில் அடிப்படைக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு 'பஸ்மா' என்ற திட்டத்தில் மார்பகம், பெருங்குடல், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கு உதவி கிடைக்கிறது. குறைந்த சம்பளக்காரர்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை. மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுண்டரில் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஷார்ஜாவில் 1999 முதல் இயங்கும் 'புற்றுநோயாளிகளின் நண்பர்கள்' அமைப்பு எந்த நாட்டவர் என்று பார்க்காமல் சிகிச்சைச் செலவுக்கு உதவுகிறது. 2011 முதல் குதிரைகளில் ஏழு அமீரகங்களையும் சுற்றிவந்து இலவசப் பரிசோதனை செய்யும் 'பிங்க் கேரவன்' இவர்களுடையதுதான்.

ஊர்தான் என்று தீர்மானமானால் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. பயாப்ஸி சதைத் துணுக்கின் மெழுகுக் கட்டியும் கண்ணாடி ஸ்லைடுகளும், ஸ்கேன் படங்கள் அடங்கிய சி.டி.யும், ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று முடிவுகள் உள்ள ரிப்போர்ட்டும் கையோடு போக வேண்டும். எந்த மருந்து என்பதைத் தீர்மானிப்பவை அந்த மூன்றும்தான். கீமோ தொடங்கியபின் பாதியில் மருத்துவமனை மாற்றினால் இடைவெளி விழும். ஆகவே தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். இன்னொன்று, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் சாதாரண குடியிருப்பு விசா செல்லாமல் போகும். சிகிச்சை காரணம் என்று சான்றுகளோடு மீள்நுழைவு அனுமதி கேட்க வழி உண்டு. மருத்துவமனைக் கடிதங்களைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

மனைவி ஊரில் இருக்க, இங்கே கேம்ப்பிலோ பேச்சிலர் அறையிலோ இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனைகளிலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை கிடைக்கும், வருமான வரம்பு உண்டு. விடுமுறை ஒரு முறைதான் கிடைக்கும் என்றால் எப்போது போவது என்று எங்களைக் கேட்டால், அறுவையும் அதற்கடுத்த இரண்டு வாரமும் என்போம். தீபாவளிக்குப் போகலாம் என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள். போக முடியாதவர்கள் கீமோ ஏறும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தில் போனில் கூடவே இருக்கலாம். பணம் அனுப்பிவிட்டேன் என்று சொல்ல மட்டும் போன் செய்யாதீர்கள்.

கீமோ நாட்கள்

இங்கேயே சிகிச்சை என்றால் உங்கள் லீவுக் கணக்கை முதலில் பாருங்கள். 2021-ன் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டத்தில், தனியார் துறையில் மனைவியின் நோய்க்கென்று தனி விடுப்பு இல்லை. இருப்பது வருட விடுமுறை 30 நாள்தான். அதை ஒரேயடியாக எடுத்துத் தீர்த்துவிடாமல் கீமோ தேதிகளுக்குப் பிரித்து வையுங்கள். மருந்து ஏறிய அன்று பெரும்பாலானோர் ஓரளவு நன்றாகவே இருப்பார்கள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைதான் சோர்வும் குமட்டலும் அதிகம். வியாழன் அல்லது வெள்ளியில் கீமோ தேதி கிடைக்குமா என்று கேளுங்கள். கஷ்டமான நாட்கள் சனி, ஞாயிறில் விழுந்தால் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். மேலாளரிடமும் மனிதவளத் துறையிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. மனைவியின் சம்மதத்தோடு சொல்லுங்கள். வேலை மாற நினைத்திருந்தால் பொறுங்கள். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைக்கும் இன்சூரன்ஸ் பாலிசிகள் உண்டு.

வீட்டில் ஒரு நல்ல தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். கீமோவுக்குப் பிறகு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அப்போது காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், ஃபாரன்ஹீட்டில் 100.4, அது அவசர நிலை. பனடோல் கொடுத்துப் பார்ப்போம், காலையில் போகலாம் என்று இருக்கவே கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், கிருமியை மறைக்காது. நள்ளிரவு இரண்டு மணி என்றாலும் கிளம்ப வேண்டும். எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு, எந்த வழி, பிள்ளைகளை யார் வீட்டில் விடுவது என்பதை முதல் கீமோவுக்கு முன்பே முடிவு செய்து கதவில் ஒட்டுங்கள். ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் சிகிச்சை எடுப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை!

சமையலறை இனி உங்களுடையது. சமைக்கத் தெரியாது என்பது இனி காரணம் ஆகாது. ரசம், குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். தாளிப்பு வாடையும் மீன் பொரிக்கும் வாடையும் குமட்டலைக் கிளப்பும். கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் போட்டுச் சமையுங்கள், அல்லது அவர் தூங்கும்போது முடித்துவிடுங்கள். சூடாக இருப்பதைவிட ஆறிய உணவில் வாடை குறைவு. எல்லாமே இரும்புச் சுவையாக இருக்கிறது என்றால் எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள். வாய்ப்புண் வந்தால் ஊறுகாயும் காரமும் வேண்டாம். உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரில் கொப்பளிக்கலாம். நேற்றைய குழம்பு, கடைப் பார்சல், கழுவாத பழம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஊரிலிருந்து யாராவது கொடுத்தனுப்பும் சூரணமும் லேகியமும் டாக்டருக்குத் தெரியாமல் உள்ளே போகக் கூடாது. சில மருந்துகளோடு அவை ஒத்துப்போகாது.

சிவப்பு நிற மருந்து ஏறினால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பதற வேண்டாம். பல கீமோ மருந்துகளில் முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்தாகக் கிடப்பதை அவர் எழுந்து பார்க்கும் முன் உறையை மாற்றிவைத்த கணவர் ஒருவரை எங்களுக்குத் தெரியும். மொட்டையடிப்பதா வேண்டாமா, எப்போது, யார் கையால் என்பதையெல்லாம் அவரே சொல்லட்டும்.

அறுவைக்குப் பின்

மார்பகம் நீக்கப்பட்டால் தழும்புக்கு அருகே ஒரு குழாயும் பையும் தொங்கும். அதில் சேரும் நீரை நர்ஸ் சொன்ன நேரத்தில் அளந்து, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுத வேண்டும். அந்த அளவு குறைந்தால்தான் குழாயை எடுப்பார்கள். இதைக் கணவர் செய்வதில் ஒரு நன்மை உண்டு. தழும்பை முதல் முறை பார்க்கும்போது அவர் தழும்பைப் பார்க்க மாட்டார், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நடிக்கவும் வேண்டாம். கண் கலங்கினால் கலங்கட்டும். படுக்கையைத் தனியாகப் போட்டுக்கொள்வது அவருக்கு வலிக்கும் என்பதற்காகவா, உங்கள் தயக்கத்துக்காகவா என்று அவருக்குத் தெரிந்துவிடும். நெருக்கம் எப்போது என்பதை அவர் முடிவு செய்வார், கை பிடிப்பதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் கூடாது, அதற்கு ஹார்மோன் மாத்திரைகளும் கூடாது. வேறு வழியை டாக்டரிடம் வெட்கமில்லாமல் கேளுங்கள். இன்னும் குழந்தை வேண்டும் என்ற இளம் தம்பதிகள், கருமுட்டையைப் பாதுகாப்பது பற்றி முதல் கீமோவுக்கு முன்பே கேட்க வேண்டும். பிறகு கேட்டுப் பயன் குறைவு.

அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கை வீங்க வாய்ப்பு உண்டு. சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சியைத் தினமும் கூட நின்று செய்யுங்கள். லூலூவிலிருந்து வரும் அரிசி மூட்டை உங்கள் தோளில் ஏறட்டும்.

பால் சரியாகக் கொடுக்கவில்லையோ, ஜாதகத்தில் என்ன இருக்கிறது, யார் செய்த பாவம் என்று ஊரிலிருந்து போன்கள் வரும். உங்கள் அம்மாவே பேசினாலும் அந்தப் போனை வாங்கிப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பிள்ளைகளிடம் வயதுக்கேற்ற அளவில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல என்பதைச் சொல்ல மறக்க வேண்டாம். சிறு பிள்ளைகள் அம்மாவைத் தொடவே பயப்படுவதைப் பார்த்திருக்கிறோம்.

சங்கத்து நண்பர்களுக்கும் ஒன்று. "என்ன உதவின்னாலும் கேளுங்க" என்றால் யாரும் கேட்பதில்லை. "செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாடு எங்க வீட்லேர்ந்து வரும், பசங்களை ஸ்கூல்லேர்ந்து நான் கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லுங்கள். அந்தக் கணவரையும் வாரம் ஒரு மணி நேரம் வெளியே அழைத்துப்போய் ஒரு சுலைமானி வாங்கிக் கொடுங்கள். அவர் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெரிய சிகிச்சைகள் முடிந்து வாழ்த்துகள் வந்து ஓய்ந்த பின்னும் பலருக்கு ஹார்மோன் மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் தொடரும். உடம்பு எரிச்சல், மூட்டு வலி, தூக்கமின்மை என்று அது படுத்துவதால் சொல்லாமல் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மாத்திரை அட்டையை எண்ணிப் போலீஸ் வேலை பார்க்காதீர்கள். என்ன தொந்தரவு என்று கேட்டு, அடுத்த முறை டாக்டரிடம் சேர்ந்து போங்கள், வேறு மருந்து இருக்கலாம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்கிருக்கும் நாட்களைக் கணக்கிட்டு மாத்திரையும் சீட்டும் எடுத்துவையுங்கள். மனைவியின் தங்கைகளுக்கும் வளர்ந்த மகளுக்கும் பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது என்றும் கேட்டு வாருங்கள். அவருக்கு நோய் கண்ட வயதிலிருந்து பத்து வருடம் முன்னதாக என்று பொதுவாகச் சொல்வார்கள்.