உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமா?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். 14 வருட சர்வீஸ். இப்போது லடாக் எல்லையில் பீல்டு போஸ்டிங். கொஞ்ச நாளாகப் போனில் பேச்சே சரியில்லை. தூக்கமே வருவதில்லை என்கிறார். பிள்ளைகளிடம் பேசச் சொன்னால், 'அப்புறம் பேசுறேன்' என்று வைத்துவிடுகிறார். யூனிட்டில் எல்லோருக்கும் மனநலப் பரிசோதனை நடக்கப்போகிறதாம். "உள்ளதைச் சொன்னா மெடிக்கல் கேட்டகரியை இறக்கிடுவாங்க, புரமோஷன் போயிடும். பைத்தியம்னு முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பிட்டா, 15 வருஷம் முடியாததால பென்ஷனும் கிடைக்காது. எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்திடப்போறேன்" என்கிறார். பரிசோதனையை மறுக்க முடியுமா? அங்கே சொல்வது ரகசியமாக இருக்குமா? வேலையை விட்டு அனுப்பிவிட்டால் பென்ஷன் உண்டா? அவருடைய அதிகாரிக்கு நான் எழுதலாமா?

ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கணவர் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அவர் உடம்புக்கும் மனசுக்கும் அதுதான் நல்லது என்று டாக்டர்கள் சொல்வார்கள். நான் வக்கீலாகவும் அதையேதான் சொல்கிறேன். படைவீரரின் வழக்கு எதுவானாலும் கடைசியில் அவருடைய மருத்துவக் கோப்பில்தான் வந்து நிற்கும். 'எல்லையில் இருந்தபோது தூக்கம் கெட்டது, டாக்டரிடம் சொன்னேன்' என்று அந்தக் கோப்பில் இன்று ஒரு வரி ஏறினால், நாளைக்கு அதுவே உங்கள் குடும்பத்துக்கு ஆதாரம். 'எல்லாம் நலம்' என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டால், அதே வரியை எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்.

பரிசோதனையை மறுக்கலாமா?

வேண்டாம். மருத்துவப் பரிசோதனைக்கு ஆஜராவது படைப்பணியின் ஒரு பகுதி. உயரதிகாரியின் சட்டப்படியான ஆணையை மீறுவது 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால், ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். யூனிட்டில் எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளுக்குச் சொல்லும் பதிலை வைத்து யாரையும் நோயாளி என்று முடிவுகட்ட முடியாது. யாரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரித்தெடுப்பதுதான் அதன் வேலை. நோய் உண்டா இல்லையா என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அப்படியே நோய் என்று சொன்னாலும், அதனால் மட்டும் ஒருவரைச் 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்று கருத முடியாது. அதை நீதிமன்றம்தான் அறிவிக்க முடியும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அவர் பயப்படும் பைத்திய முத்திரைக்குச் சட்டத்தில் இடமில்லை.

சொன்னது ரகசியமாக இருக்குமா?

பாதி ஆம், பாதி இல்லை. அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை 25-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் 23-ஆம் பிரிவிலேயே விலக்குகளும் உண்டு. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, பொதுப் பாதுகாப்பு போன்ற நிலைகளில் தேவையான அளவுக்குத் தகவலை வெளியிடலாம். படையில் நடைமுறையும் வேறு. மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது கமாண்டிங் ஆபீசர் ஓர் அறிக்கை தருவார். கேட்டகரி மாறினால், எந்த வேலை தரலாம், எது கூடாது என்பது யூனிட்டுக்குத் தெரிந்தே ஆகும். எனவே யாருக்குமே தெரியாமல் சிகிச்சை பெறலாம் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். கொஞ்ச காலம் துப்பாக்கியும் சென்ட்ரி டியூட்டியும் தராமல் வைத்தால், அதைத் தண்டனையாக நினைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது.

கேட்டகரி இறங்கினால்?

படையில் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்து எழுத்தால் குறிக்கிறார்கள். அதில் முதல் எழுத்தான 'எஸ்' மனநலத்தைக் குறிக்கும். பொதுவாக முதலில் தற்காலிகக் கேட்டகரிதான் தருவார்கள். சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். தேறியவர்களுக்குப் பழைய கேட்டகரி திரும்பக் கிடைக்கும். கேட்டகரி இறங்கியிருக்கும் காலத்தில் பதவி உயர்வு தள்ளிப்போகலாம் என்பது உண்மை. ஆனால் கேட்டகரி இறங்கியது என்ற ஒரே காரணத்துக்காக அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. நிரந்தரமாகக் கேட்டகரி குறைந்தவரைக்கூட, அதற்குரிய மெடிக்கல் போர்டு முன் நிறுத்தாமல் பணியிலிருந்து விடுவித்தது செல்லாது என்று ராஜ்பால் சிங் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2021 டிசம்பரில் வந்த ரவீந்தர் குமார் தாரிவால் தீர்ப்பைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மன நோயோடு போராடிய சி.ஆர்.பி.எஃப். அதிகாரி அவர். அவரை இப்போதைய பணிக்குத் தகுதியற்றவர் என்று கருதினால், ஊதியம் குறையாமல் மாற்றுப் பணி தர வேண்டும், அந்தப் பணியில் ஆயுதம் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவை ஒட்டியது. அந்தப் பிரிவிலிருந்து நிறுவனங்களுக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளின் களவீரர்களுக்கு 2021 ஆகஸ்டில் அப்படி ஓர் அறிவிக்கையும் வந்தது. ஆகவே ராணுவ வீரரான உங்கள் கணவர் இந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

15 ஆண்டு முடியாவிட்டால் பென்ஷன் இல்லையா?

இது பலரும் நம்பும் தவறான செய்தி. 15 ஆண்டுக் கணக்கு சாதாரண சர்வீஸ் பென்ஷனுக்குத்தான். உடல்நலக் காரணத்தால் மெடிக்கல் போர்டு பணியிலிருந்து அனுப்பும் ('போர்டு அவுட்') வீரருக்கு விதி வேறு. நோய் பணியால் வந்தது அல்லது பணியால் கூடியது என்று முடிவானால், ஊனமுற்றோர் பென்ஷன் உண்டு. அதற்குக் குறைந்தபட்ச சர்வீஸ் தேவையில்லை. பணியோடு தொடர்பில்லை என்றே முடிவானாலும், 10 ஆண்டுக்கு மேல் பணி செய்தவருக்கு இன்வாலிட் பென்ஷன் கிடைக்கும். உங்கள் கணவர் 14 ஆண்டு முடித்தவர். வெறுங்கையோடு வர வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

மெடிக்கல் போர்டு 'என்.ஏ.என்.ஏ.' என்று எழுதும்போதுதான் சண்டை தொடங்குகிறது. பணியால் வரவும் இல்லை, கூடவும் இல்லை என்பது அதன் பொருள். மன நோய்களில் இதை அடிக்கடி எழுதுகிறார்கள். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் வீரர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், தொடர்பில்லை என்று நிரூபிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 2025-இல் ராஜுமோன் வழக்கில், மனச்சிதைவு நோய் என்று அனுப்பப்பட்டவர் விஷயத்தில் காரணம் எழுதாத மெடிக்கல் போர்டு கருத்தை ஏற்க முடியாது என்றது. எதிரான தீர்ப்பும் உண்டு. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், இதே வகை நோய்க்குப் போர்டின் கருத்தை ஏற்று பென்ஷனை மறுத்தது அதே நீதிமன்றம். 2023 செப்டம்பர் முதல் இந்தப் பென்ஷனுக்கான புதிய தகுதி விதிகளும் நடைமுறையில் உள்ளன. அதனால்தான் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இரண்டு காகிதங்களில் கவனம் தேவை. மெடிக்கல் போர்டுக்கு முன் வீரரிடம் வாங்கும் பெர்சனல் ஸ்டேட்மென்ட் ஒன்று. தொல்லை எங்கே, எப்போது தொடங்கியது என்பதை இடம், மாதத்தோடு அதில் எழுத வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. மற்றொன்று, 'சொந்த விருப்பத்தில் விடுவிக்க வேண்டுகிறேன்' என்ற விண்ணப்பம். மனம் வெறுத்து அதில் இப்போது கையெழுத்துப் போட்டால், அவர் பயந்தபடியே பென்ஷன் இல்லாமல் போகும். லீவில் வந்தவர் திரும்பப் போக மனமில்லாமல் வீட்டில் தங்கிவிடுவதும் ஆபத்து. ராணுவச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி அது குற்றம். முடியவில்லை என்றால் லீவு முடியும் முன்பே அருகிலுள்ள ராணுவ மருத்துவமனையில் போய்ச் சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். கமாண்டிங் ஆபீசர் பெயருக்கு எழுதுங்கள். நோயின் பெயரை நீங்கள் வைக்க வேண்டாம். நீங்கள் கேட்டதையும் கவனித்ததையும் மட்டும் எழுதி, டாக்டரிடம் காட்டுமாறு கேளுங்கள். நகலும் பதிவுத் தபால் ரசீதும் பத்திரமாக இருக்கட்டும். முடிந்தவரை அவரிடம் சொல்லிவிட்டே எழுதுங்கள். ஆனால் சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் கடிதம், அனுமதி எதற்கும் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். படையினருக்கென்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் அதன் தனிப் பிரிவும் உண்டு.

யூனிட்டில் முறையாக நடத்தவில்லை என்றால், ராணுவச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி மேலதிகாரியிடம் அவர் முறையிடலாம். பென்ஷன் மறுக்கப்பட்டால், ஆணை கிடைத்த ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதன் பிறகு சென்னையில் உள்ள ஆயுதப் படைகள் தீர்ப்பாயம். இறுதி ஆணையிலிருந்து அங்கேயும் ஆறு மாதம்தான் கெடு. செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பாராமல், சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. படைவீரர் குடும்பங்களுக்காகவே 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் ஒரு தனித் திட்டமும் தொடங்கியிருக்கிறது. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்றிரவு அவர் போன் செய்தால், 'உங்களுக்குப் பென்ஷன் போகாது, பயப்படாமல் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்' என்பதை முதலில் சொல்லுங்கள். சட்டப் பிரிவுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.