இங்கிலீஷ் மட்டும் பேசும் கோடை விடுமுறை

(ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

போன மாத இதழில் வண்ணத்துப்பூச்சி பற்றி எழுதியது நான்தான். படம் கோழி மாதிரி இருக்குன்னு எட்டாம் வகுப்புப் பசங்க சொன்னது என் காதில் விழுந்தது. அதனால் இந்தத் தடவை படமே கிடையாது. கட்டுரை கொஞ்சம் நீளம். மணி அடிக்கிறதுக்குள்ள படிச்சு முடிக்க முடியலைன்னா மத்தியானம் வந்து மீதியைப் படிங்க.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் எனக்கு 91 மார்க். செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொன்னால் தூக்கத்தில்கூட மாற்றிவிடுவேன். ஆனால் அடுத்த வாரமே நம் பள்ளிக்கு வந்த விருந்தினர் ஒருவர் என்னைப் பார்த்து "வேர் டூ யூ லிவ்?" என்று கேட்டார். நான் "எஸ் சார்" என்றேன். அவரும் சிரித்துவிட்டார், வகுப்பே சிரித்தது. அதே கேள்வியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் நான்தான் முதலில் பதில் எழுதியிருப்பேன். காதில் விழுந்ததும் வாய் பூட்டிக்கொண்டது. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

மறுநாள் ஆங்கில டீச்சர் கூப்பிட்டு, "உனக்கு இங்கிலீஷ் தெரியும். பழக்கம்தான் இல்லை. கிணத்துல இறங்காம நீச்சல் வருமா?" என்றார். வெளிநாடுகளில் நம் வயதுப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஆங்கிலத்துக்குள்ளேயே குதித்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். அது என்னவென்று டீச்சரிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் நான் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

இதற்கு 'இமர்ஷன்' என்று பெயர். முழுசாக முங்குவது என்று அர்த்தம். ஒரு மொழியைத் தினம் ஒரு பீரியடு படிக்காமல், சாப்பாடு, விளையாட்டு, சண்டை, சமாதானம் எல்லாவற்றையும் அந்த மொழியிலேயே செய்வது. இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், ஜப்பான், சீனா என்று பல நாடுகளிலிருந்து 11, 12 வயதுப் பிள்ளைகள்கூட ஜூன், ஜூலை மாதங்களில் இரண்டு மூன்று வாரம் இங்கிலாந்துக்குப் போகிறார்கள். பிரைட்டன், போர்ன்மவுத் போன்ற கடற்கரை ஊர்கள் இதற்குப் பெயர் போனவை. அங்கே விடுதிப் பள்ளிகள் கோடையில் காலியாகக் கிடக்கும். அந்த அறைகளிலேயே இவர்களைத் தங்க வைப்பார்கள். இல்லையென்றால் ஊர்க்காரர்கள் வீட்டில் ஒரு பிள்ளையைப் போலத் தங்கலாம். அந்த வீட்டு அம்மா காலையில் சாப்பாடு போட்டு, மத்தியானத்துக்கு ரொட்டி கட்டிக் கொடுத்து அனுப்புவார்.

போன உடனே ஒரு சின்னத் தேர்வு இருக்கும். பாஸ், ஃபெயில் கிடையாது. யார் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பிரிப்பதற்குத்தான். ஐரோப்பாவில் 2001-இல் மொழி அறிவை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரித்து வெளியிட்டார்கள். அதை வைத்துத்தான் பெரும்பாலும் பிரிக்கிறார்கள். வயது ஒன்றாக இருந்தாலும் படி வேறாக இருக்கலாம். (நான் எழுத்தில் ஒரு படி, பேச்சில் ஒரு படி. என்னை எங்கே உட்கார வைப்பார்களோ!) காலையில் மூன்று மணி நேரம் வகுப்பு, வாரத்துக்கு 15 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. மத்தியானம் கால்பந்து, நாடகம், சுற்றுலா. ஆனால் டீச்சர் சொன்னது என்னவென்றால், காலை வகுப்பைவிட மத்தியானம்தான் முக்கியமாம். "பந்தை எனக்குப் போடு" என்று ஒரு ஜப்பான் பையன் ஒரு ஸ்பெயின் பையனிடம் சொல்லியே ஆகவேண்டும். ரெண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலம் மட்டும்தான்.

இதனால்தான் ஒரே மொழி பேசும் ரெண்டு பேரை, அவர்களாகக் கேட்டாலொழிய, ஒரே வீட்டில் தங்க வைப்பதில்லை. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்தது. என்னையும் என் பெஞ்சில் இருப்பவளையும் லண்டனிலேயே கொண்டுபோய் விட்டாலும் ரெண்டு பேரும் தமிழில்தான் பேசிக்கொண்டு திரும்பி வருவோம்.

இங்கிலாந்து மட்டும் இல்லை. மால்டா என்று ஒரு குட்டித் தீவு நாடு, மத்தியதரைக் கடலில் இருக்கிறது. மொத்தமே 316 சதுர கிலோமீட்டர்தான். 1964 வரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்ததால் அங்கே மால்டீஸோடு ஆங்கிலமும் ஆட்சி மொழி. கோடையில் அந்தத் தீவு முழுக்க ஆங்கிலம் படிக்க வந்த பிள்ளைகளாக இருக்குமாம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 அக்டோபரிலிருந்து ஐரோப்பியப் பிள்ளைகள் பெரும்பாலோர் அடையாள அட்டையை மட்டும் காட்டி அங்கே நுழைய முடியவில்லை, பாஸ்போர்ட் வேண்டும். மால்டாவும் அயர்லாந்தும் ஒன்றியத்திலேயே இருப்பதால் அங்கே அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு வந்த கேள்வி உங்களுக்கும் வரும். காசு யாரிடம் இருக்கு? விமானம், தங்கும் இடம், சாப்பாடு என்று கூட்டினால் ரெண்டு வாரத்துக்கே லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். எங்கள் வீட்டில் கறவை மாடு ரெண்டையும் விற்றாலும் பிரைட்டனுக்குப் பாதி வழிதான் போகலாம்.

இதே கேள்வி தென்கொரியாவில் பெரிய கேள்வியாக இருந்தது. அங்கே ஆங்கிலத்துக்காக வீட்டையே பிரித்துக்கொண்டவர்கள் உண்டு. அம்மாவும் பிள்ளைகளும் அமெரிக்காவிலோ கனடாவிலோ போய் இருப்பார்கள், அப்பா மட்டும் கொரியாவில் வேலை பார்த்துப் பணம் அனுப்புவார். வருஷத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ பறந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவருக்குக் கொரிய மொழியில் 'காட்டு வாத்து அப்பா' என்று பெயர். இதைப் படித்ததும் எங்கள் தெருவில் வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கும் அப்பாக்கள் நினைவுக்கு வந்தார்கள். இங்கே அப்பா பறந்து போகிறார், அங்கே பிள்ளை பறந்து போகிறது.

அப்போது கியோங்கி என்ற மாகாணத்தின் அரசு ஒரு யோசனை செய்தது. பிள்ளைகள் வெளிநாடு போக முடியாவிட்டால் வெளிநாட்டையே இங்கே கட்டிவிட்டால் என்ன? 2004-இல் ஆன்சான் என்ற ஊரில் முதல் 'ஆங்கிலக் கிராமம்' திறந்தது. 2006 ஏப்ரலில் பாஜூ என்ற ஊரில் இன்னும் பெரிதாக ஒன்று திறந்தது. பாஜூ வடகொரியா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கடைத்தெரு, வங்கி, தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், ட்ராம் வண்டி எல்லாம் இங்கிலீஷ்கார ஊர் மாதிரியே கட்டினார்கள். வாசலில் விமான நிலையம் போல ஒரு கவுண்டர். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பொம்மை பாஸ்போர்ட்டைக் காட்டி, "எதுக்கு வந்தே?" என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லி, முத்திரை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். உள்ளே போனபின் வங்கிக்குப் போனாலும் தபால் ஆபீஸ் போனாலும் ஆங்கிலம்தான். பல நாட்டு ஆசிரியர்கள் கடைக்காரராகவும் போலீஸாகவும் நடித்தார்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்போடு வந்து ஒரு வாரம் தங்கினார்கள். விடுமுறையில் இன்னும் நீளமான முகாம்களும் இருந்தன.

படிக்கும்போது எனக்கு ஆசையாக இருந்தது. நம் ஒன்றியத்திலும் ஒன்று கட்டினால் என்ன என்றுகூட நினைத்தேன். ஆனால் மிச்சக் கதை அவ்வளவு நன்றாக இல்லை. கட்டவும் நடத்தவும் நிறையப் பணம் போனது, நஷ்டம் வந்தது. பார்த்து மற்ற ஊர்களும் கட்டிய கிராமங்களில் பல மூடப்பட்டன, அல்லது வேறு வேலைக்கு மாறின. பிள்ளைகள் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்துவிட்டு வீடு திரும்பினால் மறுபடியும் பழைய தேர்வு, பழைய வகுப்பு. ஒரு வாரம் முங்கிவிட்டு ஒரு வருஷம் காய்ந்தால் எவ்வளவு ஈரம் நிற்கும்?

சரி, முங்கினால் மொழி வருமா வராதா? இதைச் சோதித்துப் பார்த்த இடம் கனடா. மான்ட்ரியல் நகரத்துக்குப் பக்கத்தில் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் வீட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள், எங்கள் பிள்ளைகளுக்கு முழுக்கப் பிரெஞ்சில் பாடம் நடத்துங்கள் என்று கேட்டார்கள். 1965-இல் 26 குழந்தைகளோடு வகுப்பு தொடங்கியது. அந்தக் குழந்தைகளைப் பல வருஷம் கவனித்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட். வீட்டு மொழியான ஆங்கிலம் போய்விடவில்லை என்று தெரிந்தது. (இதை எங்கள் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். இங்கிலீஷ் பேசினா தமிழ் மறந்துடும்னு சொல்லிக்கிட்டே இருப்பார்.) பிரெஞ்சில் கேட்டுப் புரிந்துகொள்வதும் படிப்பதும் பிரமாதமாக வந்தது.

ஆனால் இந்த மாதிரி வகுப்புகளில் வருஷக்கணக்காகப் படித்த பிள்ளைகளும் பேசும்போதும் எழுதும்போதும் தப்பு விட்டார்கள். ஏன் என்று யோசித்தவர் மெரில் ஸ்வெயின் என்ற கனடா ஆராய்ச்சியாளர். 1985-இல் அவர் சொன்ன காரணம் என்னைக் குலுக்கிவிட்டது. பிள்ளைகள் நிறையக் கேட்டார்கள், அவர்கள் வாயைத் திறந்து முழுசாகப் பேசவேண்டிய கட்டாயம் அவ்வளவாக வரவில்லை. கேட்பது மட்டும் போதாது, நாமே தட்டுத் தடுமாறிச் சொல்லிப் பார்க்கும்போதுதான் எது தெரியவில்லை என்பதே நமக்குத் தெரியும்.

என் 'எஸ் சார்' அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. நம் வகுப்பில் 40 பேர். பீரியடு 40 நிமிஷம். டீச்சர் வாயே திறக்காமல் இருந்தாலும் ஆளுக்கு ஒரு நிமிஷம்தான் பேச முடியும். இது யார் மேலும் குறை இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு.

இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், காதில் விழுவது ஓரளவு புரிகிற மாதிரி இருக்கணும், மனசில் பயம் இருக்கக்கூடாது என்கிறார். புது மொழிக்குள் வந்த குழந்தை முதலில் கொஞ்ச காலம் பேசாமலே இருக்கும், அது மந்தம் இல்லை, உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கிறது என்றும் சொல்கிறார். எனக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தபோது அப்பா இடுப்பில் காலி கேன் கட்டித்தான் கிணற்றில் இறக்கினார். சும்மா தூக்கிப் போட்டிருந்தால் நான் இன்றுவரை கிணற்றுப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நானும் என் தோழிகள் மூன்று பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புங்க மரத்தடியில் 20 நிமிஷம் ஆங்கிலம் மட்டும் பேசுவது என்று முடிவு செய்தோம். தமிழ் பேசினால் வகுப்புக் குடத்துக்குத் தண்ணீர் எடுத்துவர வேண்டும். முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? நாலு பேரும் 20 நிமிஷம் காக்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேசாமல் இருந்தால் தப்பே வராதே! இரண்டாம் நாளும் காக்காய்தான்.

மூன்றாம் நாள் விதியைத் திருப்பிப் போட்டோம். தமிழ் வந்தால் பரவாயில்லை, திரும்ப ஆங்கிலத்தில் முயற்சி செய்தால் போதும். யார் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்தான் தண்ணீர் எடுக்கணும். தப்புக்குச் சிரித்தாலும் தண்ணீர்தான். அன்றைக்கு நான்தான் சிரித்து மாட்டிக்கொண்டு ரெண்டு குடம் தூக்கினேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அங்கே ஒரு வாரத்தில் 15 மணி நேர வகுப்பு, அதாவது 900 நிமிஷம். நமக்குத் தினம் 20 நிமிஷம் என்றால் 45 பள்ளி நாள், ஒன்பது வாரம். அதுவும் வகுப்பு நேரம் மட்டும்தான், அவர்கள் பந்து விளையாடும் நேரத்தைச் சேர்க்கவில்லை. ஆனால் அங்கே ஒரு வகுப்பில் எத்தனையோ பேர், இங்கே நாங்கள் நாலே பேர். 20-ஐ நாலால் வகுத்தால் ஆளுக்கு ஐந்து நிமிஷம். வகுப்பில் கிடைக்கிற ஒரு நிமிஷத்தை விட ஐந்து மடங்கு.

இப்போது நான்காவது வாரம் நடக்கிறது. நேற்று எங்களில் ரொம்பக் கூச்சப்படுகிறவள் திடீரென்று, "யெஸ்டர்டே மை கோட் ஈட் மை நோட்புக்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, தண்ணீர் பயம். "விச் நோட்புக்?" என்று கேட்டேன். "மேத்ஸ்" என்றாள். "ஹோம்ஒர்க்?" என்றாள் இன்னொருத்தி. "கோட் ஈட் ஃபுல்" என்றாள். நாலு பேருக்கும் நன்றாகப் புரிந்தது. கணக்கு சார்தான் இன்னும் நம்பவில்லை.