"நான் கோயிலுக்கு வரலை... நீங்க போங்க!"

பதின்வயதுப் பிள்ளையின் எதிர்ப்பும் கிறிஸ்தவப் பெற்றோரின் தவிப்பும்

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா புடவை கட்டி ரெடி. அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து, கண் எரிச்சலோடு குளித்துவிட்டு சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். சின்னவள் பைபிளும் பாட்டுப் புத்தகமுமாக வாசலில் நிற்கிறாள். பெரியவன் மட்டும் போர்வைக்குள்!

"எழுந்திருடா, பூசைக்கு நேரமாச்சு!"

"நான் வரலை. நீங்க போங்க."

அவ்வளவுதான். அடுத்த அரை மணி நேரம் அந்த வீட்டில் நடப்பது ஒரு சின்ன யுத்தம்!

சூளகிரியானாலும் சரி, ஓசூரானாலும் சரி, பதின்வயதுப் பிள்ளை இருக்கிற பல கிறிஸ்தவ வீடுகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பூசைக்குப் பதிலாக ஆராதனை, ஜெபக்கூட்டம், ஞாயிறு பள்ளி என்று பெயர் மாறலாம். சண்டை ஒன்றுதான்.

பிள்ளை எதிர்த்துப் பேசுவது எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் கிறிஸ்தவப் பெற்றோருக்குக் கூடுதலாக இரண்டு பயம். "பிள்ளை கடவுளை விட்டே போயிடுவானோ" என்பது ஒன்று. "சபையில் நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்பது இன்னொன்று. இந்த இரண்டும் சேரும்போது, ஒரு ஞாயிறு தூக்கம்கூடப் பெரிய பாவமாகத் தெரிகிறது. பிள்ளைக்கோ எங்கே தொட்டால் அப்பா அம்மாவுக்கு வலிக்கும் என்பது நன்றாகத் தெரியும். அதனால், "என்னை இனிமே குழந்தை மாதிரி நடத்தாதீங்க" என்று சொல்ல நினைப்பவன், "கோயிலுக்கு வரலை" என்கிறான்.

வார்த்தை கோயிலைப் பற்றியது. விஷயம் பெரும்பாலும் வேறு. இதைப் புரிந்துகொண்டாலே பாதி சண்டை குறைந்துவிடும்.

உடம்பும் மூளையும் செய்கிற வேலை

10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த வயதில் உணர்ச்சியைக் கிளப்புகிற மூளைப் பகுதிகள் வேகமாக விழித்துக்கொள்கின்றன. "இது சரியா, பின்னால் என்ன ஆகும்?" என்று யோசிக்க வைப்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி. அது முழுசாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிவிடும். அதனால்தான் படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகூட கோபம் வந்தால் கதவை அடித்துச் சாத்துகிறது.

தூக்கமும் மாறுகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற ஹார்மோன் இந்த வயதில் இரவு தாமதமாகவே சுரக்கிறது. பதின்வயதினருக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். வாரம் முழுவதும் டியூஷன், பஸ், செல்போன் என்று ஓடிய உடம்பு ஞாயிறு காலை எழ மறுப்பதில் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை, உடலியலும் இருக்கிறது.

மூன்றாவது விஷயம், கூட்டாளிகள். 2005-ல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டீன்பெர்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. தனியாக ஆடியபோது இருந்ததைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் அதிக ஆபத்தைத் துணிந்து எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. "தனியா இருந்தா நல்ல பையன், அந்தக் கூட்டத்தோட சேர்ந்தா மாறிடறான்" என்று நம் அம்மாக்கள் சொல்வதும் இதைத்தானே!

பேரிக்காய் திருடிய பையன்

இதை இன்னொருவர் 1,600 வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். அவர் புனித அகுஸ்தினார். பிறந்தது 354-ல், இன்றைய அல்ஜீரியா நாட்டில். அம்மா மோனிக்கா பக்தியான கிறிஸ்தவப் பெண். 16 வயதில் மேல்படிப்புக்கு அப்பாவிடம் பணம் இல்லாததால் பையன் ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தான். அப்போது கூட்டாளிகளோடு சேர்ந்து ராத்திரியில் பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடினான். தின்பதற்காக அல்ல, பெரும்பகுதியைப் பன்றிக்குப் போட்டார்கள்! தனியாக இருந்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன் என்று பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் அவரே எழுதினார். அம்மா சொன்ன புத்திமதியைக் கேட்பது அப்போது வெட்கமாக இருந்தது என்றும் எழுதினார்.

அதோடு நிற்கவில்லை. இருபது வயதுக்குள் கல்யாணமில்லாமல் ஒரு குடித்தனம், ஒரு குழந்தை, அம்மாவின் விசுவாசத்தை விட்டு வேறொரு மதக் கூட்டத்தில் சேர்க்கை. மோனிக்கா முதலில் செய்தது நம்மில் பலர் செய்வதுதான். மகனோடு ஒரே மேஜையில் சாப்பிடக்கூட மறுத்தாள். பிறகு மனம் மாறி மறுபடி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டாள். ஒரு ஆயரிடம் போய், "என் மகனிடம் பேசித் திருத்துங்கள்" என்று கெஞ்சியபோது, அவர் மறுத்துவிட்டார். இப்போது வாதாடினால் பிடிவாதம்தான் கூடும். விட்டுவிடுங்கள், அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், அவனே படித்துத் தெரிந்துகொள்வான் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 387-ல் மிலான் நகரில் மகன் ஞானஸ்நானம் பெற்றபோது வயது 32. அதே வருடம் மோனிக்கா இறந்தாள்.

இந்தக் கதையில் பெற்றோர் கவனிக்க வேண்டியது, மகன் திரும்பினான் என்ற முடிவை மட்டுமல்ல. வாதம் நின்றது, வீட்டுக் கதவு திறந்தது, உறவு அறுந்துபோகவில்லை. இந்த மூன்றும்தான் பாடம்.

வேலூரில் இன்னொரு கதை

இவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். குடும்பமே மிஷனரி டாக்டர் குடும்பம். பெண்ணுக்கோ அதில் துளியும் ஆசை இல்லை. அமெரிக்காவிலேயே இருந்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே இரவில், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிகளுக்கு உதவி கேட்டு மூன்று பேர் தனித்தனியாக வந்தார்கள். ஆண் டாக்டரான ஐடாவின் அப்பா வருவதை மூவரும் ஏற்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதன்பின் டாக்டராவது என்று ஐடா தானே முடிவெடுத்தார். 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் வேலை தொடங்கினார்.

பெற்றோரின் நம்பிக்கை பிள்ளைக்குச் சொத்து மாதிரி பத்திரம் எழுதிக் கொடுத்து வருவதில்லை. அது தன்னுடையது ஆக வேண்டுமென்றால், முதலில் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கப் பிள்ளைக்கு இடம் வேண்டும்.

நம்ம ஊர் நிலைமை

சூளகிரி இன்று பழைய கிராமம் இல்லை. தேசிய நெடுஞ்சாலை 44-ல், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் இருக்கிறது. 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்த பிறகு இந்தப் பகுதியின் வாழ்க்கையே மாறியது. பல வீடுகளில் அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அப்பா விழித்திருக்கும்போது பிள்ளை ஸ்கூலில். பிள்ளை வரும்போது அப்பா கம்பெனி பஸ்ஸில்! வாரத்தில் எல்லோரும் ஒன்றாக இருப்பது ஞாயிறு மட்டுமே. அந்த ஒரு நாளும் சண்டையில் போனால் எப்படி?

தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கிறது. பெங்களூர் கூப்பிடுகிற தூரம். ஐ.டி.ஐ. முடித்த பக்கத்து வீட்டு அண்ணன் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய் தவணையில் பைக் எடுத்துவிட்டான். நம் பையனும் கேட்கிறான். சமாதானப்படுத்த அப்பா தன் வண்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்.

இங்கே மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது! கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு அல்லது வண்டிக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்சும் கிடைக்காது. லாரிகள் பறக்கிற நெடுஞ்சாலையில் உயிர் போனால் எந்தச் சட்டமும் திருப்பித் தராது. கோயிலுக்கு வராததற்கு ருத்ர தாண்டவம் ஆடிவிட்டு, சாவியை மட்டும் சிரித்துக்கொண்டே கொடுக்கிற வீடுகள் உண்டு. தலைகீழாக இருக்க வேண்டிய விஷயம் இது.

செய்யக்கூடாதவை

* கடவுளைப் போலீஸ்காரர் ஆக்காதீர்கள். "இப்படிப் பேசினா ஆண்டவர் தண்டிப்பார்" என்று பயமுறுத்தினால், பிள்ளைக்கு உங்கள் மேல் உள்ள கோபம் அவர் மேலும் திரும்பும்.
* குடும்ப ஜெபத்தில் திட்டாதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இந்த அடங்காத பிள்ளைக்குப் புத்தி கொடும்" என்று உரக்கச் சொல்வது ஜெபம் அல்ல, வசவு.
* பிள்ளையின் ரகசியத்தை ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர் முழுக்கச் சொல்லாதீர்கள். ஒருமுறை அவமானப்பட்ட பிள்ளை மறுமுறை உங்களிடம் வாயைத் திறக்காது.
* அடிக்காதீர்கள். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை அடித்தால் பொய்யும் ஒளிவும்தான் வளரும். பிள்ளைகளுக்குக் கோபமூட்ட வேண்டாம் என்று பவுல் தகப்பன்மார்களுக்கே புத்தி சொல்லியிருக்கிறாரே!
* "உன் வளர்ப்பு சரியில்லை" என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குத்திக்காட்டாதீர்கள். நடுவில் பிள்ளைதான் நசுங்கும்.

செய்ய வேண்டியவை

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் பிள்ளை வளர்ப்பு முறைகளைப் பிரித்துக் காட்டினார். கண்டிப்பு மட்டும் ஒரு வகை, செல்லம் மட்டும் ஒரு வகை, பாசத்தோடு சேர்ந்த கண்டிப்பு ஒரு வகை. மூன்றாவதே பிள்ளைகளுக்கு நல்லது என்று அவர் கண்டார்.

விதிகள் நாலு போதும்: வண்டி ஓட்டக்கூடாது, குடி, போதை கூடாது, எங்கே போகிறான், எப்போது வருவான் என்று சொல்ல வேண்டும், வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவோ கேவலமாகப் பேசவோ கூடாது. கடைசி விதி பெற்றோருக்கும் சேர்த்துத்தான்! முடி, டிரஸ், பாட்டு இவற்றை விட்டுவிடுங்கள்.

கோயில் விஷயத்தைப் பேசி முடியுங்கள்: சண்டை நடக்கும் ஞாயிறு காலையில் அல்ல, ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

"உனக்கு அங்கே என்ன பிடிக்கலை கண்ணு? சொல்லு, நான் நடுவுல பேச மாட்டேன்."

"எல்லாரும் மார்க் எவ்வளவுன்னு கேக்கறாங்கம்மா. அப்புறம்... நான் கேக்கற கேள்விக்கு யாரும் பதில் சொல்றதில்லை."

பார்த்தீர்களா, கடவுள் மேல் கோபமே இல்லை! காலைப் பூசைக்குப் பதில் மாலைப் பூசை, மாதத்தில் இரண்டு ஞாயிறு என்று எதையாவது இருவரும் ஒத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொண்டதை நீங்களும் மீறக்கூடாது.

தினமும் பத்து நிமிஷம்: புத்திமதி, படிப்பு, பைபிள் எதுவும் இல்லாமல் சும்மா பேசுங்கள். நைட் ஷிப்ட் அப்பாவாக இருந்தால் வாரத்தில் ஒரு நாள் கூடவே கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசாத பிள்ளை, பக்கத்தில் நடக்கும்போது பேசும்.

மூன்றாவது ஆள் ஒருவர்: தாய்மாமா, சித்தப்பா, ஒரு நல்ல டீச்சர், இளைஞர் குழு அண்ணன், புரிந்துகொள்கிற ஃபாதர் அல்லது பாஸ்டர். பிள்ளை நம்புகிறவராக, கேட்டதை ஊரில் சொல்லாதவராக இருக்க வேண்டும்.

இது எதிர்ப்பா, நோயா?

கீழே உள்ளவற்றில் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* தூக்கம், பசி ரொம்பவும் மாறுவது
* நண்பர்களையும் பிடித்த விளையாட்டையும் விட்டு ஒதுங்குவது
* காரணமில்லாத எரிச்சல், அழுகை. பதின்வயதில் மனச்சோர்வு பல சமயம் சோகமாகத் தெரியாது, கோபமாகவே தெரியும்.
* மார்க் திடீரென்று சரிவது, பணம் காணாமல் போவது, போதை அறிகுறி

கையை அறுத்துக்கொள்வது, "செத்துடலாம் போல இருக்கு" என்று சொல்வது, யாரோ பேசுவது போல் காதில் கேட்பது... இவற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே போக வேண்டும். மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைப் "பேய்", "சாத்தான் பிடி" என்று முடிவு கட்டி ஊர் ஊராக ஜெபத்துக்கு மட்டும் அழைத்துப்போனால் பொன்னான மாதங்கள் வீணாகும். ஜெபமும் செய்யுங்கள், வைத்தியமும் பாருங்கள்!

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெங்களூர் நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் ஆகியவை இந்தப் பகுதிக்கு எட்டுகிற தூரத்தில் உள்ளன. சிகிச்சையில் குடும்பத்தையும் கூடவே தங்க வைக்கும் முறையில் வேலூர் மையம் நம் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. செல்போன் பழக்கம் எல்லை மீறியவர்களுக்காக நிம்ஹான்ஸில் 2014 முதல் தனிப் பிரிவே இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச டெலி மானஸ் 14416. குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டும் இலவசம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை எதிர்ப்பதாலேயே நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. ஊதாரி மகன் கதையில் அப்பா நல்லவர்தான். இருந்தும் மகன் போனான். நீங்களும் தூங்குங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், பி.பி. மாத்திரையை நிறுத்தாதீர்கள். கவலையில் நீங்கள் படுத்துவிட்டால் பிள்ளைக்குத் தாங்கல் யார்?

இந்த முறைகளைக் கடைப்பிடித்தால் பிள்ளை கட்டாயம் கோயிலுக்குத் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சிலர் சீக்கிரம் வருவார்கள், சிலர் பல வருடம் கழித்து வருவார்கள், சிலர் வராமலே நல்ல மனிதர்களாக வாழ்வார்கள். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஏதாவது சிக்கலில் மாட்டிக்கொண்டால், "அப்பாவுக்குப் போன் பண்ணலாம்" என்று பிள்ளைக்குத் தோன்ற வேண்டும். அதற்கு இன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையின் தட்டையும் எடுத்து வைத்துக் கூப்பிடுங்கள். கோயிலைப் பற்றி இன்றைக்கு ஒன்றும் பேச வேண்டாம்!