கண் சிமிட்டும் விளக்கு

மைக்ரோகண்ட்ரோலர் என்றதும், அது மின்னணுவியல் மாணவர்க்கே உரிய பொருள் என்று ஒதுங்குவோர் நம்மிடையே பலர். அவ்வச்சம் வேண்டுவதில்லை. ஒரு சிறு விளக்கை ஏற்றி அணைக்கக் கற்றவர் அதன் அடிப்படையைக் கற்றவரே ஆவார்.

கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் முனைகள் ஆகிய மூன்றும் ஒரே சில்லில் அடங்கிய சிறு கணிப்பொறியே மைக்ரோகண்ட்ரோலர். 2005-இல் இத்தாலியில் மாணவர்க்கெனத் தோன்றிய அர்டுயினோ வரிசையில் 'ஊனோ' என்னும் பலகை தொடக்கத்திற்கு ஏற்றது.

முதலில் இணைப்பு. எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனை. குட்டைக் கால் எதிர்முனை. பலகையின் 13-ஆம் முனையை 220 ஓம் மின்தடை வழியாக நீண்ட காலோடும், குட்டைக் காலைக் கிரவுண்டோடும் இணைக்க வேண்டும். மின்தடை எதற்கு? முனை தருவது 5 வோல்ட். சிவப்பு விளக்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். எஞ்சிய 3 வோல்ட்டை 220-ஆல் வகுத்தால் சுமார் 14 மில்லியாம்பியர். சாதாரண எல்.இ.டி. 20 வரை தாங்கும். மின்தடையை விட்டுவிட்டால் விளக்கும் கெடலாம், சில்லும் கெடலாம்.

அடுத்து நிரல். 'செட்டப்' என்னும் பகுதி ஒரே முறை நடப்பது; 13-ஆம் முனை வெளியீட்டுக்கு உரியது என்று அங்கே அறிவிக்கிறோம். 'லூப்' ஓயாது சுழல்வது. அதில் நான்கு ஆணைகள்: ஏற்று, 1,000 மில்லிசெகண்டு காத்திரு, அணை, மீண்டும் 1,000 மில்லிசெகண்டு காத்திரு.

முதல் முயற்சியில் நான்காம் ஆணையை மறந்தேன். விளக்கு அணையவே இல்லை! விடுதி அறையில் ஒரு மாலை முழுதும் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். குற்றம் கம்பியில் இல்லை. விளக்கு அணைந்தது உண்மையே. ஆனால், காத்திருக்கச் சொல்லாததால் லூப் உடனே முதல் ஆணைக்குத் திரும்பி அதை ஏற்றிவிட்டது. நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகளில் இயங்கும் சில்லுக்கு அது சில மைக்ரோசெகண்டு வேலை. நம் கண்ணுக்கு அது எங்ஙனம் புலப்படும்?

13-ஆம் முனையோடு இணைந்த சிறு விளக்கொன்று பலகையிலேயே உண்டு. அது சிமிட்டி, நாம் மாட்டியது சிமிட்டாவிடில் பிழை இணைப்பில். இரண்டுமே சிமிட்டாவிடில் நிரலைப் பாருங்கள். இதனை அறிந்திருந்தால் என் மாலை வீணாகியிராது.

சிமிட்டக் கண்டபின் இரு எண்களையும் 10 ஆக்குங்கள். நொடிக்கு 50 முறை அணைந்தும், விளக்கு இடைவிடாது எரிவதாகவே தோன்றும். விரைவு சில்லுக்கு இயல்பு. காத்திருக்கக் கற்பிப்பதே நம் வேலை.