பிடித்தால் மட்டும் போதுமா?
வனசீவராசிக் குற்றமும் நீதிமன்றமும்

2012ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புத் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் ஒரு கொள்கலனைத் திறந்தபோது அதற்குள் 359 யானைத் தந்தங்கள் இருந்தன. அவற்றின் நிறை ஏறக்குறைய ஒன்றரைத் தொன். கென்யாவிலிருந்து புறப்பட்டு, இலங்கை வழியாக டுபாய்க்குச் செல்லவிருந்த சரக்கு அது. ஒரு யானைக்கு இரண்டு தந்தம் என்று கணக்கிட்டாலும் குறைந்தது 180 யானைகள் அந்தப் பெட்டிக்காக உயிரை விட்டிருக்கின்றன. 2016 ஜனவரி 26ஆம் திகதி காலிமுகத்திடலில் அத்தந்தங்கள் பகிரங்கமாக நொறுக்கி அழிக்கப்பட்டன. தெற்காசியாவில் இவ்வாறு நடந்தது அதுவே முதல் தடவை.

இச்செய்தியை வாசிக்கும்போது எமக்கு மகிழ்ச்சி ஏற்படுகிறது. ஆனால் அடுத்த கேள்வியையும் நாம் கேட்க வேண்டும். யானையைச் சுட்டவர் யார்? அதற்குப் பணம் கொடுத்தவர் யார்? பெட்டியில் அடைத்தவர் யார்? பொய்ப் பத்திரம் எழுதியவர் யார்? இவர்களில் எவரும் கொழும்புத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருக்கவில்லை. பொருளைப் பிடிப்பது ஒரு நாள் வேலை. குற்றவாளியை நீதிமன்றத்தில் நிரூபிப்பது பல திணைக்களங்கள் சேர்ந்து செய்யவேண்டிய நீண்ட வேலை. அந்த வேலை எவ்வாறு நடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யார் கையில் என்ன இருக்கிறது?

எமது நாட்டில் வனசீவராசிகளைப் பாதுகாக்கும் முதன்மையான சட்டம், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகும். 2009இல் இது கடுமையாகத் திருத்தப்பட்டது. இதை நடைமுறைப்படுத்துவது 1949இல் உருவான வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். ஆனால் அத்திணைக்களம் தனியே எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. கடலில் ரோந்து செல்வது கடற்படையும் கரையோரக் காவல் படையும். துறைமுகத்தில் பெட்டியைத் திறப்பது சுங்கம். ஊருக்குள் விசாரிப்பது பொலிஸ். பொருள் என்னவென்று சொல்வது அரச பகுப்பாய்வாளர் அல்லது அத்துறை விஞ்ஞானி.

சிறிய குற்றங்களுக்கு நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸாரோ திணைக்கள அதிகாரிகளோ வழக்குத் தொடுக்கிறார்கள். பாரதூரமான குற்றமாயின் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பகிர்வுப் பத்திரம் தாக்கல் செய்வார். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின்படி, திணைக்களங்களுக்கும் பொலிஸாருக்கும் குற்றவியல் விடயங்களில் ஆலோசனை வழங்குவதும் சட்டமா அதிபரின் கடமையாகும். இது முக்கியமான விடயம். வழக்குத் தொடுநர் கடைசி நாளில் கோப்பைக் கையில் எடுப்பவராக மட்டும் இருந்தால், அதில் உள்ள ஓட்டைகளை அவரால் அடைக்க முடியாது. எந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றம் சாட்டுவது, எந்தச் சாட்சியம் இன்னும் தேவை என்பவற்றை விசாரணையின் ஆரம்பத்திலேயே சொன்னால்தான் வழக்கு நிற்கும்.

சான்றுப் பொருள் ஓர் அமானிதம்

அமானிதம் என்றால் என்னவென்று எம் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் நம்பித் தந்த பொருளை, தந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் சான்றுப் பொருளும் அவ்வாறானதே. பிடித்தவர் யார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் முன்னிலையில் முத்திரையிட்டார், அடுத்து யாரிடம் ஒப்படைத்தார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு கை மாறும்போது ஒரு கையொப்பம் விடுபட்டாலும், "இது அதே பொருள்தானா?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. குற்றமற்ற ஒருவர் சிறைக்குப் போகாமல் காப்பதும் அதே கேள்விதான்.

இதற்கு மொம்பாசா வழக்கு நல்ல உதாரணம். 2014இல் கென்யாவின் மொம்பாசா நகரில் இரண்டு தொன்னுக்கும் அதிகமான தந்தம் கைப்பற்றப்பட்டது. 2016இல் ஒருவருக்கு 20 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது உலகமே பாராட்டியது. ஆனால் 2018இல் மேன்முறையீட்டில் அவர் விடுதலையானார். சாட்சியங்களில் இருந்த குறைபாடுகளே அதற்குக் காரணம். நீதிமன்றம் கோபத்தைப் பார்ப்பதில்லை, கோப்பைத்தான் பார்க்கும்.

எங்கள் குடாவில்

இது எங்கோ ஆபிரிக்காவில் நடக்கும் கதை என்று நாம் நினைக்கக் கூடாது. குறிஞ்சாக்கேணியிலிருந்து பார்த்தால் கொட்டியாரக் குடாவும் துறைமுகமும் கைக்கெட்டும் தூரம். நிலாவெளிக்கு அப்பால் உள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. உலகில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து வகை இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன. ஐந்தும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

எங்கள் பக்கத்துக் கடலுக்குப் பெரிய கேடு டைனமைற். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல்வளச் சட்டம் வெடிபொருளால் மீன் பிடிப்பதைத் தடைசெய்கிறது. ஒரு வெடியில் மீனோடு குஞ்சும், முருகைக்கல்லும், அருகில் வந்த ஆமையும் அழிகின்றன. கடற்படையினர் படகைப் பிடித்தால் அவர்களே வழக்கு நடத்துவதில்லை. மீனையும் ஆட்களையும் கடற்றொழில் அதிகாரிகளிடமோ பொலிஸிடமோ ஒப்படைக்கிறார்கள். வெடியில் செத்த மீனுக்குக் காற்றுப்பை கிழிந்திருக்கும், உள்ளுறுப்புகள் சிதைந்திருக்கும், சிலவேளை முள்ளும் முறிந்திருக்கும். இதைத் தகுதியுள்ள அதிகாரி பரிசோதித்து அறிக்கை தரவேண்டும். மீன் பழுதாகும் முன் மாதிரி எடுக்கப்படாவிட்டால் வழக்கும் மீனோடு சேர்ந்து பழுதாகிவிடும்.

என் மாமா வலைத்தொழில் செய்பவர். அவர் ஒருநாள் சொன்னார்: "கண்டவன் சொல்லமாட்டான். சொல்றவன் கோட்டுக்கு வரமாட்டான். பொறகு எங்க கேசு நிக்கிற?" வெடி போட்டவர் பக்கத்துத் தெருவாக இருப்பார், அல்லது சொந்தமாகவே இருப்பார். அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அதனால் எல்லோரும் பேசாமல் இருந்துவிடுகிறோம். ஆனால் வெடி விழுந்த இடத்தில் வெறும் வலையோடு திரும்பி வருபவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக யார் பேசுவது?

சாட்சிகளின் பயத்தைச் சட்டமும் அறிந்துதான் இருக்கிறது. 2015இல் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு வழங்கும் சட்டம் கொண்டுவரப்பட்டு, 2023இல் புதிய சட்டமாக்கப்பட்டது. எனவே சாட்சியைக் காப்பதும் இந்தக் கூட்டு வேலையின் ஒரு பகுதியே.

ஒரு கடல், இரண்டு சட்டம்

கடல் அட்டையைப் பாருங்கள். 2001 முதல் இந்தியாவில் அதைப் பிடிப்பது முற்றாகத் தடை. இலங்கையில் அனுமதிப்பத்திரத்துடன் பிடிக்கலாம். இரு நாடுகளுக்கும் இடையில் மன்னார்க் கடல் மட்டுமே உள்ளது. அங்கே பிடித்த அட்டையை இரவோடு இரவாக இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டால், அது எந்தக் கரையின் அட்டை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரு நாட்டு அதிகாரிகளும் தகவல் பரிமாறாவிட்டால் ஒரு நாட்டின் தடை மறு நாட்டு வியாபாரிக்கு இலாபமாகிவிடும்.

இதற்காகவே நாடுகளுக்கிடையே ஏற்பாடுகள் உள்ளன. அழிந்துவரும் இனங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய சைற்றீஸ் சமவாயத்தில் இலங்கை 1979இல் இணைந்தது. 2010இல் சைற்றீஸ் செயலகம், இன்டர்போல், போதைப்பொருள் மற்றும் குற்றங்களுக்கான ஐ.நா. அலுவலகம், உலக வங்கி, உலக சுங்க அமைப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. உலக வங்கிக்கு யானையோடு என்ன வேலை என்று கேட்கலாம். தந்தத்தைப் பின்தொடர்ந்தால் கூலிக்காரர் அகப்படுவார். பணத்தைப் பின்தொடர்ந்தால்தான் முதலாளி அகப்படுவார்.

இதுதான் இவ்விடயத்தின் மையம் என்பது என் கருத்து. திணைக்களங்கள் தனித்தனியே இயங்கினால் படகில் இருந்த ஏழைக்குத் தண்டப்பணமும், வெடிமருந்து விற்றவருக்கு நிம்மதியான தூக்கமும் கிடைக்கும். அவை சேர்ந்து இயங்கினால்தான் சட்டம் மேலே இருப்பவரையும் எட்டும்.

மாணவிகளே, இத்துறையில் எமக்கும் இடமுண்டு. உயிரியல் படிப்பவர் நாளை மீனின் காயத்தைப் பரிசோதிக்கலாம். சட்டம் படிப்பவர் அரச சட்டத்தரணியாகலாம். கணக்கியல் படிப்பவர் கறுப்புப் பணத்தின் தடத்தைத் தேடலாம். மூன்று மொழியும் கற்றவர், தமிழில் சாட்சி சொல்லும் மீனவரின் வார்த்தையைச் சிதையாமல் மன்றுக்கு எடுத்துச் சொல்லலாம். பெற்றோரே, ஆமை இறைச்சியையும் வெடி மீனையும் "மலிவு" என்று வாங்காதிருப்பதே நாம் இன்றே செய்யக்கூடிய காரியம். வாங்குபவர் இல்லாத சந்தைக்காக எவரும் கடலில் வெடி போடமாட்டார்.